மூன்றாவது ஊசி

"ஊசி போட்டு என்ட கண் பழுதாப் போயிட்டு, டொக்டர். மூணாவது ஊசி வேணாம்" என்றார் ஆதம்பாவா. சாய்ந்தமருது சுனாமி வீட்டுத் திட்டத்தில் இருக்கிறவர். போன கிளினிக் வரை வாயே திறக்காத மனிதர்.

டொக்டர் பிரசாந் அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டினார். விழித்திரையில் நீர் கசிந்து, பார்வையின் நடுவே கறுப்பு விழுந்த கண். முதல் ஊசிக்கு முன்னால், சுவர் அட்டையில் மேலே இருந்த பெரிய எழுத்து ஒன்றுதான் தெரிந்தது. இன்று ஐந்தாவது வரியைத் தடுமாறாமல் வாசித்திருக்கிறார். இந்த ஊசியை விட்டால் பழைய கறுப்பு திரும்பி வந்துவிடும்.

"என்ட முகம் தெரியுதா, காக்கா?" அண்ணன் முறைக்கு இந்த ஊரில் காக்கா என்பார்கள்.

"மீசையில ஒரு நரை தெரியுது. மிஸ்ஸிட கன்னத்துல பேனை மை."

தாதி ஹிமாயா அவசரமாகக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பிறகென்ன தெரியுதில்ல?"

"பொண்டாட்டியும் மகளும் தெரியுதில்ல. சஹன்ல சோத்தப் போட்டு உக்காந்தா, எதிர அவ இருப்பா, பக்கத்துல புள்ள. எப்பவும் அதே மஞ்சள் சட்டை. கதைக்க மாட்டாங்க, சோத்துலயும் கை வைக்க மாட்டாங்க. ஆனா இருந்தாங்க. இப்ப சஹன் மட்டுந்தான் தெரியுது."

நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது. அதன் முன்னால் ஒற்றை ஆளாய் உட்காருவது பாவம்தான்.

டொக்டர், யுத்தம் முடிந்த பிறகு வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஊர் வழக்கம் இன்னும் பிடிபடவில்லை. "கோவிச்சுக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிட்டாவோ?" என்று சிரித்தார்.

"இங்க வீடு பொம்புளைட சீதனம், டொக்டர். கோவம் வந்தா மாப்பிள்ளதான் துணிப் பையோட வெளியேறணும்." ஹிமாயாவும் சிரித்தாள். சிரித்தபடியே கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

வீட்டில் இருப்போர்: ஒருவர்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கொப்பியை டொக்டர் பக்கம் நகர்த்தினாள். அவர் வாசித்துவிட்டு, கையில் எடுத்த ஊசியைத் தட்டிலேயே வைத்தார்.

"போடாட்டிக் கண் போயிரும், காக்கா" என்றார் மெதுவாக.

"போகட்டும். அந்தக் கறுப்புக்குள்ளதான் அவங்க ரெண்டு பேரும் வந்து இருந்தாங்க." ஆதம்பாவா எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"கடல் கொண்டு போன ஆக்கள, இப்ப ஊசியும் கொண்டு போயிட்டு."