பிடி வெடித்த துவக்கு

"இஞ்சேருங்கோ, உந்தத் துவக்கைத் தொடாதேங்கோ," என்றாள் றெஜினா, பேஸ்மென்ற் படியில் நின்றபடி.

அவள் கணவர் அருளப்பு ஸ்காபரோவில் மேசை, கதிரை போன்ற தளபாடம் திருத்துகிறவர். பக்கத்து வீட்டுக் கிழவர் மக்லீன் அன்று அவருடைய வேலை மேசையில் கொண்டுவந்து கிடத்தியதோ ஒரு பழைய துவக்கு, பட்டாளத்துத் துப்பாக்கி. இரண்டாம் உலகப் போரிலிருந்து கொண்டுவந்ததாம். மரப்பிடி நீளத்துக்கு வெடித்துப் பிளந்திருந்தது.

பிடி எப்படி வெடிக்கும் என்று அருளப்புவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஊரில் ஆமிக்காரன் துவக்குப் பிடியால் இடித்த தோள் இன்னும் சரியாக உயராது.

"இதால் யாரை அடித்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேவிட்டார்.

"யாரையும் இல்லை. இதையும் இன்னொரு துவக்கையும் ஒரு பெரிய கோட்டின் கைகளுக்குள் செருகி, தூக்குப் படுக்கை மாதிரி ஆக்கி, காயப்பட்டவனை அதில் கிடத்தித் தூக்கியபோதுதான் பாரம் தாங்காமல் வெடித்துவிட்டது."

அருளப்புவின் கை பசைப் போத்தலுக்குப் போனது. "நெடுந்தூரம் தூக்கினீர்களா?"

"தூக்கியது நானில்லை. அதில் கிடந்தவன்தான் நான்."

"அப்படியென்றால் துவக்கு உங்கள் கூட்டாளியுடையதா?"

"ஒரு ஜெர்மன்காரனுடையது. என்னைச் சுட்டவன்." கிழவர் வெடிப்பை விரலால் தடவினார். "சுட்டவனே இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு என்னை எங்கள் ஆட்களிடம் தூக்கிவந்து விட்டான். அங்கேயே கைதானான். ஐம்பது வருசத்துக்குப் பிறகு, இந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகிறான்."

அருளப்பு பசைப் போத்தலைத் திறந்து, துவக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

றெஜினா படியிறங்கி வந்தாள்.

"உங்கடை தோள் ஏலாது. நீங்கள் பசையைப் பூசுங்கோ, நான் அமத்திப் பிடிக்கிறன்."