பேசின் சோறு

கிருமி போய்விட்டது என்று எழுதிய காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கஸ்பார் விசைப்படகில் ஏறியபோது, கூட்டாளி வெற்றி சோறு வடித்துக்கொண்டிருந்தான்.

காசிமேட்டு மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. கஸ்பாருக்கு அது உறைக்கவே இல்லை.

ஏழு மாதம். கடலுக்குப் போனாலும் கரையில் கட்டிக் கிடந்தாலும் படகின் பின்பக்கம், டீசல் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகத்தான் சாப்பிட்டான். கூட்டாளிகள் ஐந்து பேரும் எப்போதும்போல நடுவில், சோற்றைக் கொட்டிய ஒரே பேசினைச் சுற்றி, அதிலேயே கை போட்டு.

யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. வயிற்றுக் கிருமி கையோடு வாயோடு தொற்றும் என்று டாக்டர் சொன்னதும் அவனேதான் எழுந்து போனான். பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்களுக்கு எதற்கு இந்தப் பீடை?

வயிற்று எரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொண்டான். தனிச்சோற்றைத்தான் பொறுக்க முடியவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் ஒண்டிக்கட்டை. அந்தப் பேசினில்தான் அவனுக்குக் குடும்பம் இருந்தது. கையோடு கை இடிக்கும். பெரிய துண்டுக்குச் சண்டை நடக்கும். டில்லிபாபு முள்ளை நீக்கிவிட்டு மீனை இவன் பக்கம் தள்ளிவிடுவான்.

இரண்டு தடவை மாத்திரை தோற்றது. கிருமி அசைந்துகொடுக்கவில்லை. மூன்றாவதாகத்தான் இந்தப் புது மருந்துச் சோதனை. மருந்து இன்னும் கடைக்கே வராதது, ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்று எடுத்துக்கொடுக்கும் நர்ஸ் நவ்ரீனுக்கே தெரியாது.

உடம்புக்கு என்னென்ன ஆகலாம் என்று அவள் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எப்போதிலிருந்து எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடலாம் என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டான்.

பதினாலு நாள் மாத்திரை. பிறகு ஒரு மாதம் காத்திருந்தான். இன்று காலை ஒரு பைக்குள் மூச்சை ஊதச் சொன்னார்கள்; வயிற்றில் கிருமி இருந்தால் மூச்சிலேயே தெரிந்துவிடுமாம். கன்னம் வலிக்க ஊதினான்.

இப்போது காகிதத்தை எடுத்துக் காட்டினான்.

ஜெபசிங் விசிலடித்தான். டில்லிபாபு அவனைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். எங்கே அழுதுவிடுவோமோ என்று பயந்து, கஸ்பார் சிரித்துக்கொண்டே நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

வெற்றி கேபினுக்குள் குனிந்து ஒரு பையோடு வந்தான். உள்ளே ஆறு புது எவர்சில்வர் தட்டுகள்.

“நீ மட்டும் அங்க தனியா குந்திகினு துன்றத பாக்க பேஜாரா இருந்திச்சு மாமே. அதான் நேத்தே அல்லாருக்கும் தட்டு வாங்கியாந்துட்டோம். இனிமே அல்லாரும் ஒண்ணு, இன்னா?”

அவ்வளவு ஆசையாக வாங்கி வந்தவனிடம் பேசினை எடு என்று எப்படிக் கேட்பது? அதில் யாரோ ஐஸை உடைத்துப் போட்டிருந்தார்கள்.

குழம்பு ஊற்றியதும் ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். ஜெபசிங் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு எதையோ பார்த்துச் சிரித்தான். வசதியாகத்தான் இருந்தது அவர்களுக்கு.

தட்டு நன்றாக இருக்கிறது என்றான் கஸ்பார். விளிம்பில் அவன் பெயரைக் கடையில் கொடுத்து அழகாக வெட்டி வாங்கியிருந்தார்கள். இனி அதில் வேறு யாரும் கை வைக்கப்போவதில்லை.