என் வீட்டுல ஆகாது

கமுதியிலிருந்து ராமநாதபுரத்துக்கு மகனுக்குப் பெண் பார்க்கக் குடும்பத்தோடு வந்த செல்லச்சாமி, காபியைத் தொடுவதற்கு முன்பே கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் கவனித்துவிட்டார். உள்ளே, பூப்போல விரிந்திருந்த கடல் சாமந்தி என்ற உயிரியின் மடிப்புகளுக்குள் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் கூட்டமாக நெளிந்துகொண்டிருந்தன.

“ஏலே சேதுபதி, பெருசா இருக்கே, அதுதான் ஆம்பளை. மத்ததெல்லாம் எப்படி அடங்கிக் கெடக்கு பாத்தியா!” என்றார் மகனிடம்.

“அது பொம்பளை, மாமா. கூட்டமே அதுக்குத்தான் அடங்கும்” என்றாள் மணப்பெண் ஜெயப்பிரியா.

செல்லச்சாமியின் முகம் மாறியது. “என் வீட்டுல இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. கல்யாணத்துக்கு முன்னாடி தொட்டிய யாருக்காச்சும் குடுத்துரணும்.”

“குஞ்சுல இருந்து நான் வளத்ததுக. இதுக வரலைன்னா நானும் வரலை.”

“பிரியா!” என்று பதறினார் அவள் அப்பா. அவள் தலையைக் குனியவில்லை.

“என் வீட்டுக்கு வாரதுக்கு முன்னாடியே இம்புட்டு வாயா? எந்திரிங்க, போவோம்.”

சேதுபதி தயங்கித் தயங்கி எழுந்தான். செல்லச்சாமியின் மனைவி சேதுலட்சுமி எழவில்லை. வந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாதவள், நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஏய், ஒன்னயத்தான்!” என்று வாசலில் நின்று அதட்டினார் செல்லச்சாமி.

“கேக்குது. அந்த வீடு எங்க அய்யா எம்பேருல எழுதி வச்சது. நீங்க ‘என் வீடு’ன்னு சொல்லும்போதெல்லாம் சும்மா இருந்துட்டேன். இனிமே இருக்க மாட்டேன். தொட்டி அங்கன வரும்.”

செல்லச்சாமி வாசலிலேயே நின்றுவிட்டார். சேதுலட்சுமி ஜெயப்பிரியாவின் பக்கம் திரும்பினாள்.

“நீ சொல்லு தாயி, இதுகளுக்கு என்ன இரை போடணும்?”