கம்பெனி சட்டை

ரப்பர் ஆலையின் உருளைகள் செபஸ்தியானின் வலது கையை முழங்கைக்கு மேல் வரை இழுத்துக்கொண்ட பிறகுதான் மிஷின் நின்றது. மேனேஜர் ஓடி வந்தார்.

"ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள சட்டையக் கழட்டுங்கடா! இவன் நம்ம ஆளே இல்ல, சொந்தத் தொழில் பண்றவன். கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான்" என்று கத்திக்கொண்டே அவரே பொத்தான்களைக் கழற்றினார். மூன்றாவது மட்டும் வரவில்லை. காலையில் அந்தப் பொத்தான் இல்லையென்று செபஸ்தியானைக் கேட்டிலேயே நிறுத்தி, தைத்த பிறகுதான் உள்ளே விட்டிருந்தார். இப்போது பிய்த்து எறிந்தார்.

கம்பெனி பெயர் தைத்த வலது சட்டைக்கை மட்டும் அவன் கையோடு உருளைகளுக்குள் கிடந்தது. வெளியே சைரன் கேட்டது.

"கத்தி எடுத்துட்டு வா" என்றார்.

வலி இன்னும் வந்து சேராத குரலில் செபஸ்தியான் கேட்டான்: "எதை சார் அறுக்கப் போறீங்க?"