இரண்டு பேருக்கு ஆகும் செலவு

கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே குழலியின் கம்மல் கழன்று கேஸ் அடுப்புக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டாவது அறைக்கு அவள் கதவு நிலையில் மோதிக் கீழே உட்கார்ந்தாள்.

"எவன்டி அவன்? பேரச் சொல்லுடி!"

காலை மணி எட்டுகூட ஆகவில்லை. நான் சுவரோரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அடிக்கிறவன் என் மகன் லோகேஸ்வரன். அடி வாங்குகிறவள் என் மருமகள் ஏலவார்குழலி.

அவன் கையில் பட்டுப்புடவைப் பெட்டியின் அட்டை மூடி இருந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால் குழலி ஒளித்து வைத்திருந்தது. சிகரெட்டுக்குத் தீப்பெட்டி தேடியபோது அவன் கண்ணில் பட்டுவிட்டது.

குழலி பட்டுக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவள். முகூர்த்தப் புடவைக்காக எல்லா ஊரிலிருந்தும் கல்யாண வீட்டுக்காரர்கள் வருவார்கள். வந்தால் மூன்று மணி நேரத்துக்கு நகர மாட்டார்கள். "உங்க ஊர்ல வாடகை எல்லாம் எப்படிக்கா?" என்று குழலி பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைப்பாள். கல்யாண சந்தோஷத்தில் அந்தப் பெண்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். அதையெல்லாம் அட்டையின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.

சென்னையில் ஒரு ரூம் ஒன்பதாயிரம், தண்ணீர் கேனுக்குத் தனி. மதுரையில் ஐந்தரை, ஆனால் பத்து மாத அட்வான்ஸ். சேலத்தில் வாடகை நாலரைதான், துணிக்கடைச் சம்பளம் மட்டம். திருச்சியில் வாடகை ஐந்து, சம்பளம் பதினோராயிரம், குழாயிலேயே காவேரித் தண்ணீர். பால், அரிசி, கேஸ் என்று ஒவ்வொரு ஊருக்கும் பத்து வரி. கடைசியில் கூட்டி, இரண்டு பேருக்கு இவ்வளவு என்று கோடு போட்டிருந்தாள்.

என் மகனுக்குக் கணக்கு வராது என்று வாத்தியார் சொன்னதெல்லாம் பொய். பத்து வரியில் குவார்ட்டருக்கு ஒரு வரிகூட இல்லை என்றதும், அந்த இரண்டு பேரில் தான் இல்லை என்று சட்டெனப் புரிந்துகொண்டான்.

அவன் புரோக்கர். கோயில் வாசலில் வெளியூர்க் கார்களை மறித்து, பட்டுக்கடைக்குக் கூட்டிப்போய்க் கமிஷன் வாங்குகிறவன். தான் கூட்டி வந்த கூட்டத்திலேயே எவனோ ஒருவன் தன் பெண்டாட்டியை மடக்கிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டான்.

சார்ஜர் ஒயரை உருவி இரண்டாக மடித்தான். முதுகில் விழுந்த நாலாவது அடியில் ஜாக்கெட் கிழிந்தது. ஆறாவதில் தோல் கிழிந்தது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

சொல்லிவிடேன்டி என்று எனக்கு உள்ளுக்குள் பதறியது.

"கோயமுத்தூர மட்டும் எதுக்குடி கோடு போட்டு அடிச்சிருக்க? குளிர், ஆகாதுன்னு பக்கத்துல எழுதிக்கினு வேற இருக்கிற. யாருக்குடி குளிரு ஆவாது? அந்தத் தொரைக்கா?"

அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். சொல்ல வேண்டாம் என்று அர்த்தம்.

அவன் செருப்புக் காலால் அவளுடைய வலது கையை மிதித்தான். புடவை மடிக்கிற கை. விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். முறத்துக் கீரை தரையெல்லாம் சிதறியது.

"நான்தான்டா! எனக்குத்தான் குளிரு ஆவாது. அவகூட போறது நான்தான்!"

அவன் கை நின்றது. அடுத்த அடி எனக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் ஒருநாளும் என்னை அடித்ததில்லை. என் மூச்சிழுப்புக்கு மாதா மாதம் மருந்து வாங்கி வருகிறவனே அவன்தான். அவன் அப்பாவிடம் இதே அடியை இருபது வருஷம் நான் வாங்கினேன். அப்போது என் முந்தானைக்குப் பின்னால் நின்று அழுதவனும் அவன்தான். அதையே மறுபடி சுவரோரம் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. போகலாம், நானும் வருகிறேன் என்று குழலியிடம் முதலில் சொன்னதே நான்தான்.

கண்ணைத் திறந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நீ சும்மா இரும்மா. இவளக் காப்பாத்தறதுக்கு என்னா பொய் சொல்ற! பெத்த புள்ளய வுட்டுட்டு எவளாவது போவாளா?"

ஒயரை மூலையில் வீசினான். சட்டையை மாட்டினான். வீட்டுச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"கடையில கேமரா இருக்குது. ஒரு மாசத்துப் படத்தையும் ஓட்டிப் பாத்தா அவன் எவன்னு தெரிஞ்சிடும். அதுவரிக்கும் இவள வெளிய வுடாத. உன்ன நம்பித்தான்மா போறேன்."

பைக் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அப்படியே நின்றேன். இப்படி நம்புகிறானே என்று கையிலிருந்த சாவியை ஒரு தடவை பார்த்தேன். பிறகு குழலியின் விரல்களை ஈரத்துணியால் சேர்த்துக் கட்டினேன். அவளை எழுப்பி நிறுத்தி, என் புடவையைப் போர்த்தி, ஆட்டோவுக்குப் போன் செய்தேன். முதலில் விரலுக்கு ஆஸ்பத்திரி, அப்புறம் திருச்சி பஸ்.

அவன் தேடுகிற ஆள் அந்தப் படத்தில் இருக்கிறது. தினமும் மதியம் குழலிக்குச் சாப்பாடு கொண்டுபோய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாண வீட்டுப் பெண்கள் சொல்லும் விலையையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். என் முகம் வருகிற இடத்தையெல்லாம் அவன் வேகமாகத் தள்ளி ஓட்டிவிடுவான்.