வேலிக்கு அந்தப் பக்கம்

முதலமடை மாந்தோப்பின் நடுவே புதிதாக முள்வேலி போட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அரிவாளோடு நின்றான் ஆறுச்சாமி.

“பாதித் தோப்பு என்னோடது. வேலியைத் தாண்டினா வெட்டிப்போடுவேன். அப்பன் செத்த நாள்ல இருந்து உங்க ஊட்டுல நாயாட்டம் உழைச்சது போதும்.”

அண்ணன் நாச்சிமுத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். நிலம் விசாரிக்க வந்த அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு வியர்த்துவிட்டது.

“நீங்க பாகம் பிரிஞ்சது நெசந்தான். அப்படியே எழுதிடறேன்” என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போனார்.

புழுதி அடங்கும்வரை காத்திருந்து நாச்சிமுத்து சிரித்தார். உச்சவரம்புக்கு மேல் உள்ள நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்றதும், பாதித் தோப்பைத் தம்பி பேருக்கு எழுதிவைத்தது அவர் யோசனை. இந்தச் சண்டையையும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“நம்பிப்போட்டாருடா. அந்த நாய்ப் பேச்சு மட்டும் நான் சொல்லிக்குடுக்கலையே, நீயாச் சேர்த்துக்கிட்டயா?” என்றபடி வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

ஆறுச்சாமி அரிவாளைக் கீழே போடவில்லை.

“அந்தப் பக்கமே நின்னுக்குங்கண்ணா” என்றான், பணிவாக.