தாளம் தப்பாத அடி

சாப்பிட்ட கையின் ஈரம் காய்வதற்குள் கீபோர்டு மாஸ்டர் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உள்ளே ஒரு பெண் கலகலவென்று சிரிக்கும் சத்தம். அடுத்த நொடி அதுவும் அடங்கிவிட்டது. காதில் எதையோ மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது.

எங்கள் அடுக்குமாடியில் சுவர்கள் மெல்லியவை. எங்களுக்கோ காது கொஞ்சம் நீளம். மாடிப்படியிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல மனுஷனுக்கு இது தேவையா?" என்றார் கீழ்வீட்டு டெய்லர்.

மாஸ்டரம்மாவை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. கண் மருத்துவமனை வரவேற்பில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, அவர் பாட்டுக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வார். "ஏய், ஃப்ரிட்ஜ் உறுமுது பாரு!" என்று மாஸ்டர் அதிகாரம் செய்தால் அதை ஒரு தட்டு தட்டுவார். அதுவும் மாஸ்டரம்மாவைப் போலவே வாயை மூடிக்கொள்ளும்.

அந்தப் பெண் யாரென்று சொன்னால் உங்களுக்கு ஏமாற்றமாகிவிடும். ஆன்லைனில் இசை இலக்கணம் சொல்லித்தரும் டீச்சர்.

பள்ளிக்குப் புதிதாக வந்த பிரின்சிபால், "லீவு முடியறதுக்குள்ள தியரி சர்டிபிகேட் கொண்டாந்துடுங்க மாஸ்டர். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டால் போதும், விரல் தானாக ஓடும். அதையே தாளில் ஐந்து கோடு போட்டு ஸ்வரக்குறியாக எழுதிக் கொடுத்தால் கொடிக்கயிற்றில் எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். இத்தனை வருஷமாக இது யாருக்கும் தெரியாது, பெண்டாட்டிக்குக்கூட.

"அந்த அஞ்சு கோட்டுல அப்படி என்னதாங்க இருக்கு?" என்று அன்றைக்கே கேட்டார் மாஸ்டரம்மா.

"அதெல்லாம் உனக்குப் புரியாது. எனக்கு எப்பவோ அத்துப்படி. சும்மா ஒரு காகிதம் கேக்கறாங்க, அவ்வளவுதான்."

அன்று மாலையே 'வானம்பாடி' என்று பெயர் போட்டுக்கொண்டு, முகம் காட்டாமல், ஆரம்பநிலை வகுப்பில் சேர்ந்தார். பால்பல் விழாத வாண்டுகள் பட்டென்று சொன்ன பதிலுக்கு இவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கேமரா அணைந்துதான் இருந்தது. ஆனாலும் முகத்தைத் துண்டால் துடைத்துத் துடைத்துத் தோல் சிவந்துவிட்டது.

ஒரே நாளில் சேர்ந்த இரண்டு பேரை ஜோடியாக்கிவிடுவது அந்த வகுப்பின் வழக்கம். கடைசிப் பாடத்துக்கு ஆளுக்கொரு மெட்டு எழுதி, அதை வாசித்தும் அனுப்ப வேண்டும். ஒருவருக்கொருவர் மார்க் போட வேண்டும். நிஜப் பெயரைக் கேட்கக் கூடாது. இவருடைய ஜோடிக்குப் பெயர் 'மழைத்துளி'.

மழைத்துளியிடமிருந்து முதலில் வந்தது: "எழுத்துல ரெண்டு இடத்துல தப்பு இருக்கு. ஆனா கை பேசுது. பயப்படாதீங்க, வந்துடும். பாஸ்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. யாரோ ஒரு கத்துக்குட்டி இவருக்குத் தைரியம் சொல்வதா?

மழைத்துளியின் எழுத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கவும் தெரியவில்லை என்பது வேறு விஷயம். ஆகவே வாசிப்பில் பிடித்தார். செல்போன் திரையில் ஒற்றை விரலால் தட்டிய மெட்டு, நின்று நின்று மூச்சு வாங்கியது. இத்தனை நாள் விழுங்கிய வெட்கத்தையெல்லாம் ஒரேயடியாக அங்கே கொட்டினார். கடைசியில் ஃபெயில் என்று போட்டார்.

சர்டிபிகேட் வந்த அன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மாஸ்டரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே முகம் வாடித்தான் கிடந்தது. வேலை அலுப்பாக்கும் என்று இவர் விட்டுவிட்டார்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்று தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தார். "எனக்கு எழுத்துல ஒண்ணுமே தெரியாதும்மா. திருட்டுத்தனமா ஆன்லைன்ல படிச்சேன். வானம்பாடின்னு ஒரு பேரு வேற."

துண்டை மடித்த கை ஒரு கணம் நின்றது. மாஸ்டரம்மா சிரிக்கவில்லை. "கத்துக்கறதுல என்னங்க வெக்கம்?" என்றார் மெதுவாக.

அந்தக் கனிவு மாஸ்டருக்குத் தாங்கவில்லை. பேச்சை வேடிக்கையாக்கினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தார்.

"நானாவது பரவால்ல. எனக்கு ஒரு ஜோடி வாய்ச்சுது பாரு, அதுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகம்! வாசிச்சிட்டிருக்கும்போதே நடுவுல தொப்புனு ஒரு அடி. நான் விடுவேனா? 'உங்க மொத்த வாசிப்புல தாளம் தப்பாம விழுந்தது அந்த அடி ஒண்ணுதான், போனை வச்சுட்டு வேற வேலை பாருங்க'ன்னு எழுதி அனுப்பிட்டேன்!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது. மாஸ்டரம்மா துண்டை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். தொப்பென்று ஒரு சத்தம். உறுமல் நின்றது.

திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"இந்த அடிதானேங்க?"